முகத்தைப் படிக்கும் ஊடகம், முடிவைப் படிக்காத ஊடகம்

2025 பொங்கல் விடுமுறை முடிந்த வாரம். கீழ்க்கட்டளைப் பேருந்து நிலையத்துக்கு அருகே நான் வழக்கமாகத் தேநீர் அருந்தும் கடையில், எங்கள் தெருவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தமது கைப்பேசியை என்னிடம் நீட்டினார். துபாய் பந்தயத் தடத்தில் நடிகர் அஜித்குமாரின் கார் தடுப்பில் மோதிச் சுழலும் காணொலி. "எப்படி சுத்துது பாருங்க சார். இறங்கி நடந்து வர்றார், மூஞ்சியில பயமே இல்ல" என்றார். அந்தக் காட்சியைப் பலமுறை பார்த்திருக்கிறார் என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது. "அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் தெரியுமா?" என்று கேட்டேன். தெரியவில்லை. கடை வாசலில் நின்றிருந்த அவருடைய மோட்டார் சைக்கிளின் பக்கக் கண்ணாடியில் தலைக்கவசம் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த இளைஞரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குக் கிடைத்த செய்தி அவ்வளவுதான். ஒரு பந்தய ஓட்டுநரின் முகத்தில் என்ன தெரிகிறது, அவர் அடுத்து என்ன ஆவார் என்ற இரண்டு கேள்விகளைச் சுற்றியே நம் ஊடகங்கள் ஆண்டுக்கணக்கில் சுழல்கின்றன. அவர் எடுக்கும் முடிவுகளுக்கு அங்கே இடமில்லை. அதன் விலையை நம் தெருக்களில் இருப்பவர்கள் கொடுக்கிறார்கள் என்பதே என் கவலை.

துபாயில் நடந்ததை நினைவுகூர்வோம். அந்த விபத்து நேர்ந்தது ஜனவரி 7 அன்று, பயிற்சியின்போது. பந்தயம் 11, 12 தேதிகளில். அது 24 மணி நேரம் இடைவிடாமல் ஓடும் பந்தயம். ஒரு காரை ஒரே ஓட்டுநர் ஓட்டி முடிப்பதில்லை. பலர் முறைவைத்து மாறி மாறி ஓட்டுவார்கள். இடையிடையே எரிபொருள் நிரப்புவதும் டயர் மாற்றுவதும் நடக்கும். பகல், இரவு, மீண்டும் பகல் என்று வெளிச்சம் மாறும், உறக்கமின்மையும் சேர்ந்துகொள்ளும். ஓட்டுநரின் சோர்வு அவரை மட்டும் பாதிப்பதில்லை. அவருடைய சக ஓட்டுநர்களையும் தடத்தில் உடன் ஓடும் மற்ற கார்களையும் பாதிக்கும்.

விபத்துக்குப் பின், தமது பெயரில் இயங்கும் அணியின் போர்ஷே 992 காரை ஓட்டுவதிலிருந்து அஜித்குமார் விலகிக்கொண்டார். தம் பெயர் எழுதிய காரைத் தம் சக ஓட்டுநர்களிடம் ஒப்படைத்தார். அந்தக் கார் 992 பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. தேசியக் கொடியுடன் அவர் மகிழ்ந்து நின்ற காட்சியை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த மகிழ்ச்சிக்கு வழிவிட்டதே விலகிக்கொள்ளும் அந்த முடிவுதான் என்பதை எத்தனை பேர் அறிந்தோம்? அப்போது அவருக்கு வயது 53. உலகமே தம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது 'இன்று இந்தக் காரை நான் ஓட்டுவது சரியல்ல' என்று சொல்வதற்குத் தடத்தில் வேகமாகச் செல்வதைவிட அதிகத் துணிவு வேண்டும். அந்த வாரத்தின் உண்மையான செய்தி அது. நான் பார்த்த பல பக்கங்களில் அது கடைசிப் பத்தியில் இருந்தது. சிலவற்றில் அதுவும் இல்லை. 'மூன்றாம் இடம்' என்ற சொல் தலைப்பில் இருந்தது; 'பிரிவில்' என்ற சொல்லைக் காணோம்.

எதிர்காலம் குறித்த கேள்விக்கும் இதே கதிதான். துபாயில் அவரிடம் திரைப்படம் பற்றிக் கேட்கப்பட்டது. பந்தயப் பருவம் நடக்கும் மாதங்களில் படங்களில் நடிக்கப் போவதில்லை, பருவம் இல்லாத மாதங்களில் நடிப்பேன் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். ஒரு விவசாயி 'நடவுக் காலத்தில் வெளியூர் வர முடியாது' என்று சொல்வதைப் போன்ற எளிய பதில் அது. ஆனால், அடுத்த சில மணி நேரங்களில் அவர் சினிமாவை விட்டு விலகுகிறாரா என்ற கேள்விக்குறியோடு தலைப்புகள் வரத் தொடங்கின. அடுத்த மாதமே, பிப்ரவரி 6 அன்று, அவருடைய 'விடாமுயற்சி' வெளியானது. ஏப்ரல் 10 அன்று 'குட் பேட் அக்லி' வந்தது. கேள்விக்குறி போட்டவர்கள் யாரும் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கேள்விக்குறி என்பது பொறுப்பேற்காமல் ஒரு பொய்யைச் சொல்வதற்கு நம் தலைப்பு எழுத்தாளர்கள் கண்டுபிடித்த வசதி.

இது தமிழகத்துக்கு மட்டும் உரிய நோயல்ல. 2025 ஆகஸ்ட் தொடக்கத்தில் ஹங்கேரி கிராண்ட் பிரியின் தகுதிச் சுற்றில், ஏழு முறை உலக சாம்பியனான லூயிஸ் ஹாமில்டன் 12-ஆம் இடம் பெற்றார். அதே ஃபெராரி அணியின் இன்னொரு ஓட்டுநர் சார்ல்ஸ் லெக்லெர்க் முதலிடம் பெற்றார். காரிலிருந்து இறங்கிய சில நிமிடங்களில், தாம் பயனற்றவர் என்றும் அணி வேறு ஓட்டுநரைத் தேட வேண்டியிருக்கும் என்றும் ஹாமில்டன் கூறினார். அதன் பிறகு விவாதமெல்லாம் அவர் முகவாட்டத்தைப் பற்றியும் ஓய்வைப் பற்றியும்தான். காருக்கும் அவருக்கும் எங்கே பொருந்தவில்லை என்ற கேள்வியை எழுப்பியவர்கள் குறைவு. அதற்கு முந்தைய ஆண்டு சிங்கப்பூரில், செய்தியாளர் சந்திப்பில் தகாத சொல் பேசியதற்காக மேக்ஸ் வெர்ஸ்டாப்பனுக்குச் சமூகப் பணித் தண்டனை விதித்தது சர்வதேச மோட்டார் கூட்டமைப்பு. அடுத்த சந்திப்புகளில் அவர் ஓரிரு சொற்களில் பதில் சொல்லி முடித்துக்கொண்டார். பேசினால் குற்றம், பேசாவிட்டால் செய்தி என்ற நிலை இது.

நம் மண்ணின் நரேன் கார்த்திகேயன் இதை முன்பே அனுபவித்தவர். 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியர் என்ற பெயரைப் பெற்றார். அதே ஆண்டு இண்டியானாபொலிஸில் நான்காம் இடம். டயர் பாதுகாப்புச் சிக்கலால் பெரும்பாலான அணிகள் விலகிவிட, ஆறு கார்கள் மட்டுமே ஓடிய பந்தயம் அது. 2012 மலேசியப் பந்தயத்தில் அன்றைய உலக சாம்பியன் செபாஸ்டியன் வெட்டலின் காருடன் நரேனின் கார் உரச, வெட்டலின் டயர் கிழிந்தது; அவர் 11-ஆம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். கோபத்தில் வெட்டல் காட்டிய சைகையும் பேசிய ஏளனச் சொற்களும் உலகெங்கும் பரவின. அதே பந்தயத்தில் ஜென்சன் பட்டனும் நரேனின் காரில் மோதினார். ஆனால், தவறு தம்முடையது என்று பட்டன் ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலை இன்று யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? கோபம் செய்தியாகிறது, நேர்மை செய்தியாவதில்லை.

ஓர் எதிர்வாதத்தையும் நேர்மையாகக் கணக்கில் கொள்ள வேண்டும். பந்தயம் விளம்பரதாரர்களின் பணத்தில் ஓடும் விளையாட்டு. ஓட்டுநரின் முகமும் அவர் விற்கும் பண்டத்தின் ஒரு பகுதி. திரை நட்சத்திரமாகவும் இருப்பவர், தம்மைக் குறித்து யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்று எதிர்பார்க்க முடியாது. கேட்பது ஊடகத்தின் உரிமை, கடமையும்கூட. இதை நான் மறுக்கவில்லை. எதைக் கேட்கிறோம் என்பதில்தான் என் வழக்கு. கருண் சந்தோக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக்காரர், 2010-இல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர், பின்னர் தொலைக்காட்சி வர்ணனையாளர். ஒரு வளைவில் யார் எங்கே பிரேக் போட்டார், எந்தக் கோட்டில் திரும்பினார், அதனால் எவ்வளவு நேரம் மிச்சமானது என்று திரையில் படம் வைத்து அவர் விளக்குவார். ஓட்டுநரைப் புரிந்துகொள்ள அவர் முகத்தைத் தேட வேண்டியதில்லை என்பதை அந்த விளக்கம் காட்டிவிடுகிறது. இந்தக் கலையைத் தமிழில் செய்ய நம்மிடம் ஆள் இல்லையா?

அஜித்குமார் இந்தப் பார்வையை விலக்க முயன்றவர் என்பதும் இங்கே கவனத்துக்குரியது. 2011-இல் தம் ரசிகர் மன்றங்களைக் கலைத்தார். 2021-இல் பட்டப்பெயர் வேண்டாம் என்றார். 2024 டிசம்பரில், தம்மைக் கடவுள் என்று கோஷமிடுவதை நிறுத்துமாறு அறிக்கை விட்டார். இவை ஒவ்வொன்றும் ஒரு முடிவு. ஒவ்வொன்றையும் நாம் 'அடக்கமானவர்' என்ற குணச்சித்திரமாகச் சுருக்கி, மேலும் ஒரு கோஷத்துக்குப் பயன்படுத்திக்கொண்டோம்.

கரூர் விஷயத்தில் நடந்தது இதன் உச்சம். 2025 செப்டம்பர் 27 அன்று விஜயின் தமிழக வெற்றிக் கழகக் கூட்டத்தில் ஏற்பட்ட நெரிசலில் 41 பேர் உயிரிழந்தார்கள். சில வாரங்கள் கழித்து அஜித்குமார் அளித்த பேட்டியில், பொறுப்பு ஒரு தனிமனிதருடையது மட்டுமல்ல, நம் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு, ஊடகங்களுக்கும் உண்டு என்ற பொருளில் பேசினார். கூட்டத்தைப் பெருமையாகக் காட்டும் பழக்கம் பற்றிய எச்சரிக்கை அது. நாம் செய்தது என்ன? அவர் விஜயை ஆதரிக்கிறாரா, எதிர்க்கிறாரா, அரசியலுக்கு வருவாரா என்று வாதிட்டோம். ஊடகத்தின் பங்கு பற்றிய வரியை ஊடகமே தாண்டிச் சென்றது. 41 உயிர்களைப் பற்றிய பேச்சு ஒரு மனிதரின் எதிர்காலத்தைப் பற்றிய ஆரூடமாக மாறியது.

இப்போது எங்கள் பகுதிக்குத் திரும்புகிறேன். பல்லாவரம் - துரைப்பாக்கம் ரேடியல் சாலை கீழ்க்கட்டளையைத் தொட்டுச் செல்கிறது. பகலில் மெட்ரோ ரயில் பணிகளால் இப்பகுதியில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். நள்ளிரவுக்குப் பின் அந்த அகலமான சாலை காலியாகும்போது, மோட்டார் சைக்கிள்கள் சீறும் ஒலி எங்கள் வீட்டுச் சன்னல் வரை கேட்கும். அந்த ஒலி திடீரென்று நின்றால் நானும் என் மனைவியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஒலிக்காகக் காத்திருப்போம். ஓட்டுபவர்கள் அந்தக் காணொலியைப் பார்த்தவர்கள். பயமில்லாத முகத்தைப் பார்த்தவர்கள். அந்த முகத்துக்குப் பின்னே இருந்த உருக்குக் குழாய்க் கூண்டையும், ஆறு முனைப் பட்டையையும், கழுத்தைத் தாங்கும் கருவியையும், தீப்பிடிக்காத உடையையும், தடத்தோரத்தில் காத்திருந்த மருத்துவக் குழுவையும் யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் தடம் உயிரைக் கேட்பதுண்டு. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 2023 ஜனவரியில் மூத்த ஓட்டுநர் கே.இ. குமார் பந்தய விபத்தில் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் பங்கேற்ற பெங்களூருவின் 13 வயதுச் சிறுவன் அங்கேயே உயிரிழந்தான். எந்த வயதில் எந்தத் திறனுள்ள வண்டியைக் கொடுக்கலாம், உரிமம் வழங்கும் முறை போதுமானதா என்று கேட்டிருக்க வேண்டிய நேரம் அது. இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. கேள்வி கேட்க நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. ஆனால், அந்த மரணங்கள் சில நாள் செய்தியோடு முடிந்தன. நட்சத்திரம் நலமாகத் தப்பிய விபத்து ஆண்டு முழுவதும் ஓடியது.

அடுத்த முறை ஓர் ஓட்டுநரின் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டும் முன், செய்தி ஆசிரியர்கள் மூன்று எளிய கேள்விகளுக்கு விடை எழுதட்டும். என்ன நடந்தது? உயிரைக் காத்தது எது? அவர் அடுத்து என்ன முடிவெடுத்தார், ஏன்? இவற்றுக்குப் பிறகும் இடம் இருந்தால் முகத்தைப் பற்றி எழுதலாம்.

அன்று தேநீர்க் கடையில் அந்த இளைஞரிடம், அஜித்குமார் தம் காரைப் பிறருக்கு விட்டுக்கொடுத்த செய்தியைச் சொன்னேன். "அப்படியா சார்? அது எதுலயும் வரலையே" என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கிளம்பினார். தலைக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். வார் பூட்டும் ஒலியும் கேட்டது. என் பேச்சுக்காக அன்று ஒரு நாள் மாட்டினாரா, பழக்கமாகிவிட்டதா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால், ஒரு செய்தி முழுமையாகச் சொல்லப்பட்டால் கேட்பவர் ஒரு கணமாவது நின்று யோசிக்கிறார் என்பதை மட்டும் கண்ணால் கண்டேன்.