செக்போஸ்டில் நிற்காத காற்று!

களியக்காவிளைக்குப் போயிருக்கிறீர்களா குட்டீஸ்? நாகர்கோவிலில் இருந்து மார்த்தாண்டம், குழித்துறை தாண்டிப் போனால் வரும் தமிழ்நாட்டின் கடைசி ஊர். அதற்கு அப்பால் கேரளா. கல், ஜல்லி ஏற்றிய டாரஸ் லாரிகளை அங்கே செக்போஸ்டில் நிறுத்திச் சோதிப்பார்கள். லாரியை நிறுத்தலாம், அது விடும் புகையை நிறுத்த எந்த போலீசாலும் முடியாது! எல்லை தாண்டி, கடல் தாண்டி, உலகம் முழுக்கச் சுற்றப் போய்விடும்.

அந்தப் புகையில் உள்ள கார்பன் டை ஆக்சைடு பற்றித்தான் 2025 அக்டோபரில் உலக வானிலை அமைப்பு ஒரு கணக்கு வெளியிட்டது. 2024-ல், காற்றில் 10 லட்சம் மூலக்கூறுகளை எண்ணினால் அதில் சுமார் 424 கார்பன் டை ஆக்சைடாம். முந்தைய ஆண்டைவிட 3.5 அதிகம். 1957-ல் நவீன முறையில் அளக்கத் தொடங்கிய பிறகு, ஒரே ஆண்டில் இவ்வளவு கூடியதே இல்லை.

'பத்து லட்சத்தில் வெறும் 424 தானே, இதற்கா இந்தக் கவலை?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். இரண்டுமே வெப்பத்தைப் பிடித்து வைக்காது. நீராவியும், கார்பன் டை ஆக்சைடு போன்ற சில வாயுக்களும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. அவை அறவே இல்லையென்றால் பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரிக்குப் போய்விடும். கொஞ்சம் இருந்தால் போர்வை, கூடினால் புழுக்கம்.

காற்று என்றுமே இப்படி இருந்ததில்லை. பூமி பிறந்த புதிதில் எரிமலைகள் கக்கிய நீராவியும், கார்பன் டை ஆக்சைடும், நைட்ரஜனும்தான் நிறைந்திருந்தன. சுவாசிக்க ஆக்சிஜன் கிடையாது. நீராவி குளிர்ந்து மழையாகக் கொட்டி, கடல் உண்டானது. அந்தக் கடலில் தோன்றியது நீலப்பச்சைப் பாசி. நாஞ்சில் நாட்டு விவசாயிகளைக் கேளுங்கள். நெல் வயலுக்கு உரமாகப் போடுவதும் இந்த இனம்தான். கண்ணுக்குத் தெரியாத அது, சூரிய ஒளியில் உணவு தயாரித்து ஆக்சிஜனை வெளியே விட்டது. முதலில் வந்த ஆக்சிஜனை, கடல்நீரில் கரைந்திருந்த இரும்பு பிடித்துக்கொண்டு துருவாகப் படிந்தது. மிச்சம்தான் காற்றுக்கு வந்தது. அது நடந்து சுமார் 240 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

பாசிக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. நமக்கோ 250 ஆண்டுகளே போதும் போலிருக்கிறது! மண்ணுக்குள் புதைந்து கிடந்த நிலக்கரியையும் எண்ணெயையும் தோண்டி எரித்து, 280 ஆக இருந்ததை 424 ஆக்கிவிட்டோம்.

இத்தனைக்கும் நாம் விடுவதில் ஏறக்குறைய பாதியை மரங்களும் கடலும் வாங்கிக்கொள்கின்றன. 2024-ல் காட்டுத் தீயும் வறட்சியும் அதிகம். கடலும் சூடாக இருந்தது. குளிர்ந்த சோடாவில் கேஸ் அடங்கி இருக்கும். வெயிலில் வைத்த சோடாவைத் திறந்தால் 'புஸ்' என்று சீறும் அல்லவா? கடலும் அப்படித்தான், சூடானால் வாயுவை அதிகம் வாங்காது.

சூடான கடல், புயலுக்குத் தீனியும் கூட. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது கடலுக்குப் போன குமரி மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை. அந்த ஒரு புயலுக்குக் காரணம் இதுதான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், அரபிக்கடல் சூடாகி வருவது உண்மை. அங்கே பலமான புயல்கள் கூடியிருப்பதும் உண்மை.

இன்று களியக்காவிளையைக் கடந்த லாரி விட்ட கார்பன் டை ஆக்சைடில் ஒரு பங்கு, உங்கள் பேரன் பேத்திகள் பள்ளிக்கூடம் போகும்போதும் காற்றில் இருக்கும்.