வெல்லப் பாகும் உஷ்ணமானியும்

கரும்புச் சாற்றை வெல்லமாகக் காய்ச்சுவோர், கொப்பரையை இறக்கும் பதத்தை, பாகின் ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்தே நிதானிப்பது நெடுநாளைய வழக்கம். தேர்ந்த கைக்கு இப்பரீட்சை தவறுவதில்லை. ஆயின் அத்தகைய கை எல்லாக் கொட்டகைகளிலும் இருப்பதில்லை. கட்டி வெல்லத்திற்குப் பாகை ஏறக்குறைய 118 டிகிரி சென்டிகிரேடிலும், பாணியாகவே வைத்துக்கொள்வதற்கு 105 முதல் 106 டிகிரியிலும் இறக்கவேண்டும். முந்தி இறக்கினால் வெல்லம் இறுகாமல் மழைக்காலத்தில் கசியும். பிந்தினால் கருகி விலை குன்றும். ஓராண்டு உழைப்பின் பலன் இச்சில டிகிரிகளில் அடங்கியிருப்பதால், சமையலறையில் பாகுக்கும் எண்ணெய்க்கும் பயன்படும் உஷ்ணமானி ஒன்றைக் கொப்பரையருகே வைத்துக்கொள்வது உசிதம்.

ஆனால் பரீட்சிக்கப்படாத உஷ்ணமானி, உஷ்ணமானி இல்லாமையினும் கெடுதியானது. கைப்பதத்தை நம்புகிறவன் ஐயமுற்றால் மறுமுறை உருட்டிப் பார்ப்பான். கருவியை நம்புகிறவனோ எண்ணைக் கண்டவுடன் ஐயத்தை விட்டொழிப்பான். எடைக்கல்லையும் படியையும் முத்திரை பார்த்தே ஏற்கும் குடியானவர், உஷ்ணமானியை மட்டும் கடையிலிருந்து வந்தவாறே நம்புவது பொருந்தாது.

பரீட்சை எளிது. நொறுக்கிய பனிக்கட்டியில் சிறிது நீர் விட்டுக் கலக்கி, கருவியின் முனையைப் பாத்திரத்தில் படாமல் மூன்று நிமிஷம் அமிழ்த்தினால் 0 டிகிரி காட்டவேண்டும். பின்னர் நன்றாகக் கொதிக்கும் நீரில் அவ்வாறே அமிழ்த்தவேண்டும். கடல்மட்டத்தையொட்டிய சோரியாங்குப்பம் போன்ற பாகூர்ப் பகுதிக் கிராமங்களில் நீர் 100 டிகிரியிலேயே கொதிக்கும். 2,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள உதகமண்டலத்திலோ ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே இடமறிந்தே கணக்கிடவேண்டும். பாகின் பதம் கொதிநீரின் உஷ்ணத்திற்கே அண்மையிலிருப்பதால், வெல்லத்திற்கு இவ்விரண்டாம் பரீட்சையே முக்கியமானது. கொதிநீரில் 97 காட்டும் கருவி 3 டிகிரி குறைத்துக் காட்டுகிறது. அது 115 காட்டும்போதே பாகு 118-ஐ எட்டிவிட்டதென்று கொள்ளவேண்டும்.

காய்ச்சல் பார்க்கும் உஷ்ணமானியை இதற்கு உபயோகிக்கலாகாது. கொதிநீரில் அது உடைந்துபோகும். பாதரசம் அடைத்த கண்ணாடிக் கருவியும் உணவுக்கு ஏற்றதன்று. உடைந்தால் கொப்பரை முழுவதும் நஞ்சாகும். கொடைக்கானலில் இயங்கிய பாதரச உஷ்ணமானித் தொழிற்சாலை, பாதரச மாசு காரணமாக 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டது நினைவிற்கொள்ளத்தக்கது. 150 டிகிரிக்குக் குறையாமல் அளக்கவல்ல வட்டமுகக் கருவியோ மின்கலக் கருவியோ போதுமானது.

இதனால் கைப்பதம் மறையவேண்டுமென்பதில்லை. கருவியும் கையும் ஒன்றையொன்று சரிபார்ப்பதே சிறந்தது. இளைஞர் தொழில் கற்கவும் அதுவே எளிய வழி. கரும்பு வெட்டும் பருவத்திற்கு முன் கிராம அதிகாரிகள் ஒருநாள் குறித்து, ஊரிலுள்ள உஷ்ணமானிகளையெல்லாம் ஒரே கொதிநீரில் பரீட்சித்து, ஒவ்வொன்றின் பிழையையும் சீட்டிலெழுதி அதனதன் காம்பிலேயே கட்டுவித்தல் வேண்டும். அதற்காகும் செலவு ஒரு கட்டு விறகே. அதனால் தப்புவதோ பல கொப்பரை வெல்லம்.