கைக்குழந்தைக்கு நீச்சல் கிளாஸ் தேவைதானா?

பென்னலூரில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் பாதிக்கு மேல் இளம் தம்பதிகள். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் கம்பெனிகளில் வேலை. அம்மாவோ மாமியாரோ பிரசவத்துக்கு வந்து மூன்று மாதம் இருந்துவிட்டு ஊருக்குக் கிளம்பி விடுவார்கள். அப்படித் தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஒரு பெண் போன வாரம் என்னிடம் வந்து, "ஆன்ட்டி, இவனுக்கு அஞ்சு மாசம் ஆச்சு. இன்னும் தண்ணி கிளாஸ்ல சேர்க்கலை. மூளை வளர்ச்சி பின்தங்கிடுமாமே?" என்று கண் கலங்கினாள்.

செல்போனைக் காட்டினாள். கழுத்தில் ரப்பர் வளையம் மாட்டிய கைக்குழந்தை ஒன்று நீலத் தொட்டியில் மிதக்கிறது. சென்னைக்குப் போய்வரக் கார் வாடகை, கட்டணம் எல்லாம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். லீவு முடிய இன்னும் சில வாரம்தான். அவளுக்கு நான் சொன்னதை வாசகியருக்கும் சொல்லலாமே என்றுதான் இந்தக் கடிதம்.

தண்ணீர் விளையாட்டு வீண் என்று நான் சொல்ல வரவில்லை. நார்வேயில் பணியாற்றிய சிக்மண்ட்சன் என்ற ஆராய்ச்சியாளர் 2010-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். கைக்குழந்தைப் பருவத்தில் நீச்சல் பழகிய 19 குழந்தைகளை, பழகாத 19 குழந்தைகளோடு நாலு வயதில் ஒப்பிட்டுப் பார்த்தார். பழகியவர்கள் ஒற்றைக்காலில் நிற்பது போன்ற சமநிலையிலும், பொருளை எட்டிப் பிடிப்பதிலும் முன்னே இருந்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் வளையத்தில் தொங்கவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் பெற்றவர்களே கூட இறங்கி, உள்ளங்கையில் நிறுத்தி, மிதக்கும் சாமானை எடுக்க வைத்துப் பழக்கினார்கள். எதைப் பழக்கினார்களோ அது வந்திருக்கிறது! பெற்றோரின் படிப்பும் வசதியும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும்படி பார்த்துக்கொண்டதாலேயே அந்த ஆய்வுக்கு மதிப்பு. இல்லாவிட்டால் பணக்கார வீட்டுப் பிள்ளையின் கெட்டிக்காரத்தனத்துக்கெல்லாம் நீச்சல் தொட்டிதான் காரணம் என்று சொல்லி விடலாமே. அப்படியும், 38 குழந்தைகளை வைத்து ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தீர்ப்பு எழுதி விட முடியாது.

கழுத்து வளையம் வேறு விஷயம். அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் 2022 ஜூனில் இதைப் பற்றி எச்சரித்தது. ஒரு குழந்தை இறந்தும், இன்னொன்று ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டும் இருந்த சமயம் அது. வளர்ச்சி குறைவான குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம் என்றது. ஆனால் அந்தக் குழந்தைகளின் தாய்மார்கள்தான் இந்த மாதிரி விளம்பரத்தைப் பார்த்து முதலில் ஓடுகிறார்கள்.

நம் வீட்டுப் பாட்டிமார் மணையில் உட்கார்ந்து காலை நீட்டி, பிள்ளையை முழங்காலுக்குக் கீழே குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்து, கையையும் காலையும் நீவி, வெந்நீரை மெதுவாக ஊற்றுவார்களே, அது என்ன சாதாரணமா? முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே ஊற்றுவார்கள். பிள்ளை தலையைத் தூக்கிப் பார்க்கும். 1986-ல் அமெரிக்காவில் டிஃபனி ஃபீல்டு என்ற அம்மையார், குறை மாதக் குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை, 15 நிமிஷம் வீதம் 10 நாள் உடம்பை நீவி, கை கால்களை அசைத்து விட வைத்தார். மற்ற குழந்தைகளை விட 47 சதவீதம் அதிகமாக எடை கூடியதாம். நம் பாட்டிகள் இதற்குக் கட்டணம் வாங்கியதில்லை.

அதற்காகப் பாட்டி செய்ததெல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். மூக்கில் எண்ணெய் விடுவது, வாயால் ஊதிச் சளி எடுப்பது, மார்க்காம்பைப் பிதுக்குவது, அறை நிறையச் சாம்பிராணிப் புகை போடுவது... இவை வேண்டவே வேண்டாம். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் நிமோனியாவில் கொண்டு விடும். பிறந்தவுடனே குளிப்பாட்டுவதும் தப்பு. 24 மணி நேரம் கழித்துத்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டப்பிலோ வாளிப் பக்கத்திலோ பிள்ளையை விட்டுவிட்டுப் போன் எடுக்கப் போகாதீர்கள். ஒரு சாண் தண்ணீர் கூட வேண்டாம், மூச்சு முட்ட.

ஜமைக்கா நாட்டில் 1986-87-ல் வளர்ச்சி குன்றிய 129 ஏழைக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். அதில் ஒரு பகுதிக் குழந்தைகளின் வீட்டுக்கு வாரம் ஒரு முறை சுகாதாரப் பணிப்பெண் போய், கையால் செய்த பொம்மைகளை வைத்துக் குழந்தையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்க்குச் சொல்லிக் கொடுத்தாள். இரண்டு வருஷம், அவ்வளவுதான். 20 வருஷம் கழித்துப் பார்த்தால் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களை விடச் சுமார் 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். அங்கே தொட்டியும் இல்லை, வளையமும் இல்லை.

ஆகவே எங்கள் தெருப் பெண்ணுக்குப் பற்றாக்குறை கிளாஸ் இல்லை, நேரம்தான். 2017-ல் வந்த சட்டத் திருத்தம் பிரசவ விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் தினம் நாலு தடவை போய்ப் பார்த்து வரலாம் என்றும் சொன்னது. "உங்க கம்பெனியில காப்பகம் இருக்கா?" என்று கேட்டேன். "கேட்டதே இல்ல ஆன்ட்டி" என்றாள். கிளாஸுக்குப் போன் போட்டு விசாரித்தவள், இதைக் கேட்கத் தயங்குகிறாள்! நாலு பெண்களாகச் சேர்ந்து கேளுங்கள் என்றேன்.

நாலு மாதம் கடந்தும் கழுத்து நிற்காமலோ, சத்தத்துக்குத் திரும்பாமலோ இருந்தால் பாட்டி வைத்தியமும் வேண்டாம், நீச்சலும் வேண்டாம், நேராக டாக்டர்தான். 2013-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில், இப்படிப்பட்ட குழந்தைகளைப் பார்ப்பதற்கென்றே மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் அமைக்கப்பட்டன. காசு கிடையாது. இவள் பிள்ளை நன்றாகவே குப்புற விழுகிறான், சிரிக்கிறான்.

இன்னொன்றும் கேட்டேன். குளிப்பாட்ட ஆம்பிளைக் கை ஆகாதா? முந்தாநாள் மாலை எட்டிப் பார்த்தேன். ஷிஃப்ட் முடிந்து வந்த அவள் புருஷன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு டப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். முழங்கையால் தண்ணீரின் சூட்டைப் பார்க்கிறான். மிதக்கிற பிளாஸ்டிக் கிண்ணத்தைப் பிடிக்கப் பிள்ளை இரண்டு கையாலும் தண்ணீரை அடிக்க, அப்பன் சட்டையெல்லாம் நனைந்து கிடக்கிறது.

– ஒரு வாசகி, பென்னலூர்.