துரை பங்களாவின் புல்வெளியும் 7 பேர்ச்சஸும்

காசல்ரீ பக்கம் போற எல்லாரும் ஒரே படத்தைத்தான் போடுறாங்க. கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம், கரைக்கு மேலே பழைய துரை பங்களா, முன்னால் புல்வெளி, ரோசாப் பாத்தி. போன மாதம் நாங்களும் போனோம், நாங்களும் படம் போட்டோம். அதனால் இதை எழுதும் தகுதி எங்களுக்குக் கொஞ்சம் குறைவுதான். பரவாயில்லை.

பங்களா இப்போது ஹோட்டல். ஒரு மணித்தியாலம் சுற்றிக் காட்டினார்கள். கணப்பு அடுப்பு, தேக்குத் தளபாடம், துரைசாணி ரோசா வளர்த்த கதை. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டதும் வந்தது. மலையை வெட்டி அந்தப் புல்வெளியைச் சமப்படுத்தியது யார்? அதற்கு ஒரு வரிகூட இல்லை. சமைத்த அப்பு, ரோசாவுக்குத் தண்ணீர் சுமந்த தோட்டக்காரர், ஒருத்தருக்கும் பேர் கிடையாது. செக்ரோலில் பேர் போட்டுத்தானே சம்பளம் கொடுத்தார்கள்? கதை சொல்லும்போது மட்டும் அந்தப் பேர்கள் எங்கே போனது?

எங்களுக்கு எரிச்சல் "மரபுரிமை" என்ற சொல்லில்தான். அதே தோட்டம், அதே வெள்ளைக்காரன் காலம். பங்களா மட்டும் மரபுரிமையாம். 10க்கு 12 அடி லயக் காம்பரா "பிரச்சினை"யாம். ஒன்றை நிறம் மாறாமல் பாதுகாக்கிறார்கள். மற்றதில் தகரம் ஒழுக ஒழுக இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். 1948இல் பிரஜாவுரிமையைப் பறித்த பிறகும் அந்தப் புல்லை வெட்டியவர்கள் இதே ஆட்கள்தான். நாடில்லாதவன் வெட்டினாலும் புல் ஒழுங்காகத்தான் இருந்திருக்கும்.

வீடு கட்ட 7 பேர்ச்சஸ் காணி என்று மேடைக்கு மேடை சொன்னாங்க. அது சுமார் 1,900 சதுர அடி. நாங்கள் நின்று செல்ஃபி எடுத்த புல்வெளி அதைவிடப் பெரிசு, சும்மா பார்த்தாலே தெரியும்.

"ஹோட்டல் வந்ததால நம்ம பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குதுதானே" என்று எங்களுக்குள்ளேயே ஒருவர் கேட்டார். கிடைக்கிறதுதான், மறுக்கவில்லை. ஆனால் வேலை கொடுப்பவர் கதையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று எவனும் எழுதிக் கொடுக்கவில்லை. அந்தச் சுவரில் துரைமாருடைய படங்களுக்குப் பக்கத்தில் ஒரு பழைய செக்ரோல் பக்கத்தை மாட்டட்டும். சுற்றிக் காட்டுகிற தம்பியும் தோட்டத்துப் பிள்ளைதான். தன் தாத்தா என்ன வேலை செய்தார் என்று அவரே சொல்லட்டும்.

திரும்பி வந்து எங்களில் ஒருத்தியின் அம்மாயிக்குப் படங்களைக் காட்டினோம். அந்த மாதிரி ஒரு பங்களாவில் வேலை செய்தவர். ரோசாவைப் பார்க்கவே இல்லை. "முன்வாசலாலயா உள்ள விட்டாங்க?" என்று மட்டும் கேட்டார்.