அரியலூர்ப் புகையும் பாதரசமும்

ராஜேந்திர சோழன் தலைநகராக்கிய கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அருகே, ஜெயங்கொண்டத்தில், பழுப்பு நிலக்கரியை வெட்டி மின்சாரம் எடுப்பதற்கென்று 1990-களில் குடியானவர்களின் நிலங்கள் கையகப்படுத்தப்பட்டு, கடைசியில் அனல்மின் நிலையம் எழாமலே அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் அதே அரியலூர் மாவட்டத்தில், சுண்ணாம்புக்கல்லை நம்பி வந்த சிமெண்ட் ஆலைகளின் சூளைகள் இரவு பகலாக எரிகின்றன. அவற்றின் தூசியைப் பற்றிப் பேசுகிற நாம், புகையோடு போகும் பாதரசத்தைப் பற்றிப் பேசுவது அபூர்வம்.

நிலக்கரியிலும் சுண்ணாம்புக்கல்லிலும் அணுவளவாகக் கலந்திருக்கும் பாதரசம், 1,400 டிகிரியை எட்டும் நெருப்பில் எந்தச் சேர்மமாகவும் நிலைக்க இயலாமல், தனி உலோக ஆவியாகிவிடுகிறது. புகை ஏறத்தாழ 700 டிகிரிக்குக் கீழே தணியும்போதுதான், எரிபொருளிலிருந்து பிரிந்த குளோரின் அதைப் பற்றி மெர்க்குரிக் குளோரைடாக ஆக்ஸிகரணம் செய்கிறது. சிம்னியை அடையுமுன் கிடைக்கும் சில விநாடிகளில் அந்தக் கிரியை முற்றுப்பெறுவதில்லை. குளோரைடு நீரில் கரையும், தூசியில் ஒட்டும். ஆகவே அனல்மின் நிலையங்களில், புகையின் கந்தகத்தை அகற்றும் கந்தக நீக்கி யந்திரத்தின் சுண்ணாம்புக் கரைசலில் அது அகப்படும். தனி உலோகமோ அதற்குள் அகப்படாமல் தப்பி, மாதக்கணக்கில் ஆகாயத்தில் சஞ்சரித்து, எங்கோ ஒரு நீர்நிலையில் இறங்கி, மீனின் வழியாக மனித உடம்பில் சேர்கிறது. இந்திய நிலக்கரியில் குளோரின் சொற்பமாகையால், தப்பிப்போகும் பங்கு இங்கே பெரிது.

சிமெண்ட் ஆலையில் விஷயம் இன்னும் விசித்திரமானது. சூளைப் புகையின் உஷ்ணத்தைக் கொண்டே ரா மில்லில் கல்லை உலர்த்தி அரைக்கிறார்கள். அங்கே 100 டிகிரி அளவுக்கு ஆறிய புகையிலுள்ள பாதரசம் புதுப் பொடியில் ஒட்டி, வடிகட்டியில் பிடிபட்டு, அப்பொடியோடு சூளைக்கே திரும்பி மறுபடியும் ஆவியாகிறது. இவ்வாறு சுற்றிச் சுற்றிச் சேர்ந்த பாதரசம், பழுதுபார்ப்பதற்காக மில் நிற்கும் மணிகளில், ஒட்டிக்கொள்ளப் பொடியில்லாமல் கூடுதலாக வெளியேறுகிறது. மில் ஓடும் வேளையில் மட்டும் அளந்தால் குறைந்த அளவே ஏட்டில் ஏறும்.

2015 டிசம்பரில் வந்த மத்திய அரசின் அறிவிக்கை, அனல்மின் நிலையப் புகையில் கனமீட்டருக்கு 0.03 மில்லிகிராம் பாதரசமே இருக்கலாம் என்றது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த எழுந்து, 2018-இல் இந்தியா ஏற்புறுதி அளித்த சர்வதேச மினமாட்டா உடன்படிக்கையோ, நிலக்கரி மின்நிலையங்களோடு சிமெண்ட் சூளைகளையும் பாதரச மூலங்களில் சேர்த்திருக்கிறது. இருந்தும், 2025 ஜூலையில் பெரும்பாலான அனல்மின் நிலையங்களுக்குக் கந்தக நீக்கி அவசியமில்லை என்று விலக்கு அளிக்கப்பட்டபோது, வாதப் பிரதிவாதங்கள் பெரும்பாலும் கந்தகத்தைச் சுற்றியே நடந்தன; அந்த யந்திரத்தோடு கைநழுவும் பாதரசம் பின்னுக்குப் போயிற்று.

பரிகாரம் எட்டாததல்ல. மில் நிற்கும்போது வடிகட்டியில் சேரும் தூசியைச் சூளைக்குத் திருப்பாமல் வேறாக எடுத்துவிட்டாலே பாதரசத்தின் சுழற்சி குறையும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மில் ஓடும்போதும் நிற்கும்போதும், உலோக ஆவியையும் குளோரைடையும் தனித்தனியே அளந்து, அந்தக் கணக்கை ஆலையைச் சுற்றியுள்ள ஊராட்சிகளின் அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒட்டவேண்டும்.