எந்த ஊருக்கு வாழ்க்கைப்படுவது?

பெரிய இடத்துச் சம்பந்தம் என்றால் யாருக்குமே ஒரு சபலம் தட்டத்தான் செய்யும். மாடி வீடு, வாசலில் கார், சமையலுக்கு ஆள் என்று கேட்ட மாத்திரத்தில் தரகர் சொல்லுகிற மற்றது எதுவும் காதில் ஏறுவதில்லை. அந்த வீட்டில் ஏற்கெனவே மூன்று மருமகள்கள் இருக்கிறார்கள், நாலாவதாகப் போய் நிற்கிற நம் பெண்ணை யார் லட்சியம் செய்யப் போகிறார்கள் என்ற கேள்வி, கலியாணம் முடிந்து கட்டுசாதம் கட்டுகிறபோதுதான் ஞாபகத்துக்கு வரும்.

அமெரிக்காவில் வசந்த காலத்துக்கென்று கால்பந்து லீக் ஆரம்பிக்கிறவர்கள் நாற்பது வருஷத்துக்கு மேலாக இந்தச் சபலத்தோடு மல்லாடிக் கொண்டிருக்கிறார்கள். "விளையாட்டுச் சமாசாரமா? அது எங்கள் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற பக்கம்" என்று தாளைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. இது ஊர் பார்க்கிற விஷயம். வரன் பார்த்துப் பழகியவர்களுக்கு இது நன்றாகவே விளங்கும்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பேர்தான் கால்பந்து. பந்தைப் பெரும்பாலும் கையில் இடுக்கிக்கொண்டுதான் ஓடுகிறார்கள். பந்தும் உருண்டை இல்லை. இரண்டு முனையும் கூராக இருக்கும். இதில் பெரிய வீட்டு லீக் என்.எஃப்.எல். என்பது. அது இலையுதிர் காலத்தில் ஆரம்பித்துக் குளிர்காலத்தில் முடிந்துவிடுகிறது. மிச்ச மாதங்களில் ஜனங்கள் ஏங்கிக் கிடக்கிறார்களே, வசந்தத்தில் ஒரு லீக் நடத்தினால் என்ன என்று யோசித்தவர், நியூ ஆர்லியன்ஸ் நகரில் பழம்பொருள் வியாபாரம் செய்துவந்த டேவிட் டிக்ஸன். அவர் யோசனையில் பிறந்த யு.எஸ்.எஃப்.எல்., 1983 மார்ச்சில் 12 டீம்களுடன் களத்தில் இறங்கிற்று.

பார்த்த ஊர்களைக் கேளுங்கள்: லாஸ் ஏஞ்சலீஸ், சிகாகோ, பாஸ்டன், பிலடெல்பியா, வாஷிங்டன், நியூயார்க்குக்கு அண்டை வீடாக நியூ ஜெர்ஸி. எல்லாம் பெரிய இடம்! காரணம் டெலிவிஷன். ஒளிபரப்பு உரிமை வாங்கிய ஏ.பி.ஸி. கம்பெனிக்குப் பெரிய நகரங்கள் வேண்டியிருந்தன. விளம்பரக்காரர்கள் வீடுகளை எண்ணித்தானே பணம் கொடுக்கிறார்கள்?

சிகாகோவுக்கு வாழ்க்கைப்பட்ட டீம் சாமானியமானதல்ல. ஜார்ஜ் ஆலன் என்ற பிரசித்தி பெற்ற பயிற்சியாளர். முதல் வருஷமே 18 ஆட்டத்தில் 12 ஜெயம். ஆனால் ஊர் ஜனங்கள் மைதானத்தின் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவர்களுக்குத்தான் பரம்பரையாகச் சொந்த டீம் இருக்கிறதே! டீமின் முதலாளி டாக்டர் டெட் டீத்ரிக் இருதய அறுவை சிகிச்சை நிபுணர். அவர் வசிப்பது சிகாகோவில் கூட இல்லை, அரிஸோனாவிலுள்ள பீனிக்ஸ் நகரத்தில். அந்த ஊருக்கும் ஒரு டீம் இருந்தது. 18 ஆட்டத்தில் நாலே ஜெயம். டாக்டர் என்ன செய்தார் தெரியுமோ? சிகாகோவை விற்றார், அரிஸோனாவை வாங்கினார், இரண்டு டீமின் ஆட்டக்காரர்களையும் ஏறக்குறைய மொத்தமாக இடம் மாற்றிவிட்டார்! நம் பக்கத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதுண்டு. டீம் கொடுத்து டீம் எடுத்ததை அங்கேதான் பார்த்தார்கள். இடம் மாறிய ஆட்டக்காரர்கள் 1984-ல் அரிஸோனாவை இறுதி ஆட்டம் வரைக்கும் கொண்டுபோனார்கள். சிகாகோவோ 13 ஆட்டம் தோற்றது; 1985-ல் அந்த டீமே களத்தில் இல்லை.

லாஸ் ஏஞ்சலீஸ் கதை இதற்கும் மேல். தொண்ணூறாயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய கொலீஸியம் மைதானத்தில் குடித்தனம் வைத்தார்கள். வந்தவர்கள் அந்தக் கடலில் தெளித்த மிளகு மாதிரி இருந்தார்கள். 1985-ல் ஊரில் ஆடிய கடைசி ஆட்டத்தைப் பியர்ஸ் கல்லூரி என்ற ஒரு கல்லூரியின் மைதானத்தில் நடத்தினார்கள்.

இதே லீக்கில் 1984-ல் புதிதாகச் சேர்ந்த ஊர் ஜாக்ஸன்வில். புளோரிடாவில் இருக்கிறது, நியூயார்க் பக்கத்தில் வைத்தால் கிராமம் என்பார்கள். அப்போது என்.எஃப்.எல். டீம் கிடையாது. டீம் ஒன்றும் அப்படிப் பிரமாதமில்லை. ஆனாலும் ஆட்டத்துக்குச் சராசரி 46,000 பேருக்கு மேல் வந்து உட்கார்ந்தார்கள்! வீட்டுக்கு வந்த முதல் மருமகளுக்கு ஆரத்தி எடுக்கிற உற்சாகம் அது. அந்தக் கூட்டத்தை என்.எஃப்.எல்.லும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. 1993-ல் தன் டீம் ஒன்றையே அந்த ஊருக்குக் கொடுத்தது.

(நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். டென்வர் நகரத்தில் என்.எஃப்.எல். டீம் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தது. அப்படியும் 1983-ல் புது டீமுக்கு அங்கேதான் ஏகக் கூட்டம். எத்தனை மருமகள் வந்தாலும் கொண்டாடுகிற வீடும் உண்டு. அபூர்வம்தான்.)

பிறகு புத்தி கெட்டது. வசந்தமே வேண்டாம், இலையுதிர் காலத்துக்கே மாறி என்.எஃப்.எல்.லோடு மல்லுக்கு நிற்கலாம் என்று 1984 ஆகஸ்டில் தீர்மானம் போட்டார்கள். அதற்கு முன்னால் நின்றவர் நியூ ஜெர்ஸி டீமின் முதலாளி டொனால்ட் டிரம்ப். ஆமாம், அவரேதான். உடனே பெரிய ஊர் டீம்கள் பல ஜாகை தேடி அலைய ஆரம்பித்தன. 1984-ல் சாம்பியனான பிலடெல்பியா டீம் பால்டிமோர் என்று பெயர் வைத்துக்கொண்டது. பால்டிமோரோ, அதே வருஷம் மார்ச்சில் தன் சொந்த டீம் இரவோடு இரவாக லாரிகளில் சாமானை ஏற்றிக்கொண்டு ஓடிப்போன துக்கத்தில் இருந்த ஊர். அந்தப் புண்ணுக்கு இது மருந்தாகியிருக்கலாம். ஆனால் வந்தவர்கள் ஊருக்குள்ளேயே வரவில்லை! ஆட்டம் சுமார் 30 மைல் தள்ளிக் காலேஜ் பார்க்கில். பயிற்சி பழைய பிலடெல்பியாவில். சட்டையில் ஓர் ஊர், சாப்பாடு ஓர் ஊர், ஆட்டம் ஓர் ஊர். இந்த நிலையிலும் 1985-ல் மறுபடி சாம்பியனானார்கள் என்றால் அவர்கள் திறமையை என்ன சொல்வது! ஆனால் 'நம்முடைய பிள்ளைகள்' என்று மார்தட்ட எந்த ஊருக்கு உரிமை இருந்தது? 1986-ல் கோர்ட்டுக்குப் போனார்கள். ஜூரிகள் ஒரு டாலர் நஷ்ட ஈடு கொடுத்தார்கள். சட்டப்படி அது மூன்று மடங்காகி மூன்று டாலர் ஆயிற்று. அத்தோடு கடை மூடிற்று.

பின்னால் வந்தவர்கள் பாடம் கற்றுக்கொண்டார்களா? கொஞ்சம் கற்றுக்கொண்டார்கள். 2019-ல் ஏ.ஏ.எஃப். என்ற லீக், சான் அன்டோனியோ, பர்மிங்காம், மெம்பிஸ் என்று பெரிய வீட்டு மருமகள் இல்லாத ஊர்களாகப் பார்த்தது. ஆனால் ஊரைப் பார்த்தவர்கள் சட்டத்தைப் பார்க்க மறந்தார்கள். புளோரிடா மாகாணச் சட்டப்படி தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு வேலையில் காயம் பட்டால் கிடைக்கிற நஷ்ட ஈட்டுப் பாதுகாப்பு இல்லை. ஆகவே ஆர்லாண்டோ டீம் எல்லை தாண்டி ஜார்ஜியாவில் போய்ப் பயிற்சி செய்யவேண்டி வந்தது. லீக்கும் நிலைக்கவில்லை. ஏப்ரல் 2-ந் தேதி, பருவம் முடிவதற்குள்ளேயே கடையைக் கட்டிவிட்டார்கள். ஆட்டக்காரர்கள் பலர் சொந்தச் செலவில் வீடு போய்ச் சேர்ந்ததாகப் பத்திரிகைகளில் வந்தது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஊர் செயிண்ட் லூயி. அந்த ஊர் ஜனங்கள் வரிப்பணத்தில் ஒரு பெரிய மூடிய அரங்கம் கட்டி, 1995-ல் ராம்ஸ் என்ற என்.எஃப்.எல். டீமைக் குடிவைத்தார்கள். 2016 ஜனவரியில் டீம் லாஸ் ஏஞ்சலீஸுக்கே திரும்பிவிட்டது. அரங்கத்துக்கு வாங்கிய கடன் மாத்திரம் ஊரார் தலையில் மிச்சம். வழக்குப் போட்டார்கள், 2021-ல் 79 கோடி டாலருக்கு ராஜியாயிற்று. பணம் வந்தது, மனசு ஆறவில்லை. அந்தச் சமயத்தில்தான் எக்ஸ்.எஃப்.எல். என்ற வசந்த லீக் 2020-ல் பேட்டில்ஹாக்ஸ் என்ற டீமை அங்கே அனுப்பிற்று. முதல் ஆட்டத்துக்கே 29,000 பேருக்கு மேல். 2023-ல் 38,310. 2024-ல் 40,317. கழுகு இனத்துப் பெயர் ஆனதால் ரசிகர்கள் எல்லோருமாகச் சேர்ந்து "கக்கா!" என்று கத்துகிறார்கள். கேட்டால் நம் வீட்டுக் கொல்லையில் சாதம் வைத்ததும் வருகிற கூட்டம்தான் ஞாபகம் வருகிறது!

இதிலும் ஒரு குறை. அந்த டீம் ஆட்டக்காரர்கள் பருவம் பூராவும் தங்கிப் பயிற்சி செய்தது டெக்ஸஸ் மாகாணத்தில் ஆர்லிங்டனில். ஆட்டத்துக்கு மாத்திரம் விமானத்தில் வந்து போனார்கள். செலவு குறைகிறது, வாஸ்தவம். 2022-ல் புது யு.எஸ்.எஃப்.எல். இதற்கும் ஒருபடி மேலே போயிற்று. எட்டு டீமையும் பர்மிங்காம் என்ற ஒரே ஊரில் இறக்கிவிட்டார்கள். பிலடெல்பியாக்காரர் ஒருவர் தம் ஊர் டீமை அந்தப் பருவத்தில் தம் ஊரில் ஒரு தடவை கூடப் பார்த்திருக்க முடியாது. இது டெலிவிஷனுக்குள்ளேயே நடந்த கலியாணம்.

பர்மிங்காமின் பொறுமையைச் சொல்லாமல் இருக்க முடியாது. அலபாமா மாகாணத்து இரும்புத் தொழில் ஊர். என்.எஃப்.எல். ஒருநாளும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. 1974-ல் வேறொரு லீக்கின் டீம் அங்கே சாம்பியனாயிற்று. ஆட்டம் முடிந்த கையோடு ஷெரீப்பின் ஆட்கள் வந்து, பாக்கிக்காக ஆட்டக்காரர்களின் உடுப்பை ஜப்தி செய்துகொண்டு போனார்கள்! 1983, 1991, 1995, 2001, 2019, 2022 என்று ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு லீக் கதவைத் தட்டிற்று. ஊரும் ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்தது.

2024-ல் இரண்டு லீக்குகள் சேர்ந்து யு.எஃப்.எல். ஆகி, எட்டு ஊர்களில் ஆடின. 2025 அக்டோபரில் அடுத்த பருவத்துக்கு மறுபடியும் ஊர் மாற்றம் அறிவித்தார்கள். லூயிவில், கொலம்பஸ், ஆர்லாண்டோ மூன்றும் உள்ளே. மூன்றிலும் பதினைந்தாயிரத்திலிருந்து இருபத்தையாயிரம் பேர் வரை கொள்ளுகிற சின்ன மைதானங்கள். நாற்காலி நிறைந்து கண்ணுக்கு லட்சணமாயிருக்க வேண்டும் என்பது உத்தேசம். எனக்கும் அது சரியாகவே படுகிறது. மிச்சிகன், சான் அன்டோனியோ, மெம்பிஸ் மூன்றும் வெளியே. மெம்பிஸ் ஜனங்கள் 1984-லும் ஒரு ஷோபோட்ஸ் டீமுக்குக் கைதட்டி, அது போவதைப் பார்த்தவர்கள். அதே பெயரில் 2023-ல் வந்ததையும் இப்போது வழியனுப்பிவிட்டார்கள். இன்னும் பத்து வருஷத்தில் வேறு யாராவது ஒரு வசந்த லீக் ஆரம்பித்தால் தரகர் முதலில் ஏறப்போகிற வாசற்படி மெம்பிஸின் வாசற்படியாகத்தான் இருக்கும். கதவு திறக்குமா என்பதைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை.