பழைய எண்ணெய் புதிய எண்ணெயையும் கெடுக்கும்

மாதர் சங்கக் கூட்டங்களிலே சுயதொழில் பற்றிப் பேசும்போது தவறாமல் எழுகின்ற கேள்வி ஒன்று உண்டு. பொரித்து மிஞ்சிய எண்ணெயை என்ன செய்வது என்பதே அது. வடை, முறுக்கு, மிக்சர் செய்து விற்கும் சகோதரிகளுக்கு இது சிறிய கேள்வி அல்ல. போட்ட பணத்தில் பெரும் பங்கு எண்ணெய்க்கே போகின்றது. ஆகவே மிஞ்சியதைப் போத்தலில் ஊற்றி வைத்து, அடுத்த முறை அதன்மேல் புதிய எண்ணெயைச் சேர்த்துக் கொள்கின்றார்கள். வீடுகளிலும் இதே வழக்கந்தான். இது சிக்கனமா, நட்டமா என்பதை இம்மாதம் பார்ப்போம்.

எண்ணெய் என்பது ஒரே பொருள் அல்ல. பலவகைக் கொழுப்பமிலங்கள் சேர்ந்த கலவை. இவற்றில் நிரம்பியவை, நிரம்பாதவை என இரு வகை உண்டு. நிரம்பாத கொழுப்பமிலங்களில் இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. காற்றிலுள்ள ஒட்சிசன் அந்தப் பிணைப்புகளை ஒட்டிய இடத்திலேதான் தாக்குகின்றது. ஒரு பிணைப்பு உள்ள ஒலேயிக் அமிலம் மெதுவாகவே கெடும். இரண்டு பிணைப்பு உள்ள லினோலேயிக் அமிலம் அதைவிட ஏறத்தாழ 10 மடங்கு வேகமாகவும், மூன்று உள்ள லினோலெனிக் அமிலம் 20 மடங்கு அல்லது அதற்கும் கூடிய வேகத்திலும் ஒட்சியேற்றம் அடையும்.

இவை ஒன்றாகக் கலந்திருக்கும்போது நடப்பதுதான் முக்கியமானது. சோயா எண்ணெயில் நூற்றுக்கு 7 பங்கு அளவே லினோலெனிக் அமிலம் உண்டு. ஆனாலும் முதலில் கெடத் தொடங்குவது அதுதான். அதிலிருந்து உண்டாகும் பொருட்கள் பக்கத்தில் உள்ள நல்ல அமிலங்களையும் தாக்கி, அவற்றையும் கெடுக்கின்றன. ஒரு வீட்டில் பிடித்த தீ அடுத்த கூரைக்குப் பரவுவது போன்றது இது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புதிய எண்ணெய் சில காலம் மாற்றமின்றி இருப்பதுபோல் தோன்றும். அதிலுள்ள விற்றமின் ஈ போன்ற காப்புப் பொருட்கள் அக்காலத்தில் தாக்குதலைத் தடுத்துக் கொண்டிருக்கும். அவை தீர்ந்ததும் பழுது திடீரென வேகமெடுக்கும். முதலில் உண்டாகும் பரவொட்சைட்டுகளுக்கு மணமே இல்லை. அவை உடைந்து அல்டிகைட்டுகள் ஆகும்போதுதான் காறல் மணம் மூக்குக்கு எட்டும். அதாவது, மணம் வரும் வேளையில் எண்ணெய் கெட்டு நாளாகிவிட்டது.

மணமில்லாத பழைய எண்ணெயும் இதனால் ஆபத்தில்லாதது அல்ல. அதன்மேல் புதியதை ஊற்றினால் பழையதிலுள்ள பரவொட்சைட்டு புதியதன் காப்புப் பொருளைக் கரைத்துவிடும். கால் போத்தலை மிச்சப்படுத்தப் போய் முழுப் போத்தலையும் இழக்கின்றோம். கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சினால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். சூட்டில் மணம் ஓரளவு பறந்து போகும், பழுது போகாது.

எல்லா எண்ணெயும் ஒன்றுபோல் அல்ல. தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நிரம்பிய கொழுப்பமிலமே. ஆகவே ஒட்சியேற்றம் குறைவு. ஆனால் ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடித்துச் சவர்க்காரச் சுவை வந்துவிடும். நல்லெண்ணெயில் நிரம்பாதவை கூடுதலாக இருந்தும் அது நீண்ட நாள் நிற்கின்றது. எள்ளுக்கே உரிய செசமோல் போன்ற காப்புப் பொருட்களே அதற்குக் காரணம். சூரியகாந்தி, சோயா எண்ணெய்கள் விரைவில் கெடுபவை. இவற்றைத் தேங்காயெண்ணெயோடு கலந்துவிட்டு, தேங்காயெண்ணெய் போலவே நாட்பட நிற்கும் என்று எண்ணக்கூடாது.

பலகாரத்தில் ஊறிய எண்ணெய் போத்தலில் உள்ளதைவிட விரைவாகவே கெடும். அங்கே எண்ணெய் மெல்லிய படலமாகப் பரந்து காற்றோடு சேர்கின்றது. கண்ணாடிபோன்ற பையில் அடைத்து, கடை வாசலில் வெயில்படத் தொங்கவிட்டால் வெளிச்சமும் வெப்பமும் சேர்ந்து அதைக் கெடுக்கும். வாங்கியவர் மறுமுறை வரமாட்டார். மா சரியில்லை, உப்புக் கூடிவிட்டது என்று வீணே காரணம் தேடுவோம்.

சோளமும் சோயாவும் சேர்ந்த திரிபோஷா மாவுக்கும் இது பொருந்தும். பழைய ரின்னின் அடியில் கிடக்கும் மிச்சத்தின்மேல் புதிய பைக்கற்றைக் கொட்டாதீர்கள். பிள்ளை வாங்க மறுத்து முகத்தைத் திருப்பினால், அடம்பிடிக்கிறது என்று அடிக்க முன்னர் மாவை முகர்ந்து பாருங்கள்.

காறல் பிடித்ததைப் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் கொடுக்காமல், கொட்டவும் மனமின்றித் தாமே உண்டுவிடும் தாய்மார் பலர். காறிய எண்ணெயில் விற்றமின் ஏ, ஈ என்பன அழிகின்றன. உடலுக்கு அவசியமான லினோலேயிக் அமிலமும் குறைகின்றது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இழக்கக்கூடாதவை இவை.

செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. அகன்ற தாச்சியை விட்டு, குழிந்த சிறிய தாச்சியில் அளவாக எண்ணெய் விட்டுப் பொரியுங்கள். மிஞ்சியதை இரும்புத் தாச்சியிலே இரவு முழுதும் விடாதீர்கள். இரும்பும் செம்பும் பழுதை விரைவுபடுத்தும். ஆறியதும் துணியில் வடித்து, சிறிய போத்தலில் கழுத்துவரை நிரப்பி மூடி, இருட்டான இடத்தில் வையுங்கள். அதை ஓரிரு நாட்களில் தாளிப்பதற்கு எடுத்து முடித்துவிடுங்கள். காறியதை விளக்குக்கு விடலாம்.

புதிய எண்ணெய் வாங்கி வந்ததும் பழைய போத்தலில் அப்படியே ஊற்ற வேண்டாம். போத்தலின் சுவரில் ஒட்டியிருக்கும் பழைய படலமே கேட்டைத் தொடக்கி வைக்கப் போதும். சவர்க்காரமும் சுடுநீரும் விட்டுக் கழுவி, ஈரமின்றிக் காயவைத்த பின்னரே ஊற்றுங்கள், சகோதரிகளே.